மகளிர் கல்லூரியில் சேர்ந்தால் மகளிரியல் படிக்க முடியுமா? மும்பை மாணவிகள் அறிய வேண்டியவை

மும்பை: நாட்டின் முதல் மகளிர் பல்கலைக்கழகம் 1916-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தில் மகளிரியல் ஆய்வுக்கென ஒரு தனிப் பிரிவு அமைந்தது 1974-ஆம் ஆண்டில்தான். மகளிர் கல்வியும் மகளிரியலும் ஒன்றல்ல என்பதற்கு இடைப்பட்ட 58 ஆண்டுகளே சான்று.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுக் கலைப் பிரிவில் சேர விரும்பும் தமிழ் மாணவிகள், விண்ணப்பத்தை நிரப்பும் முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. மகளிர் கல்லூரி என்பது பெண்கள் மட்டும் பயிலும் இடம். அங்கு கற்பிக்கப்படுவது வணிகவியலாகவோ வரலாறாகவோ மனையியலாகவோ இருக்கலாம். மகளிரியல் என்பது ஒரு பாடத்துறை. சமூகத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் வகுக்கப்பட்ட இடங்கள் எவ்வாறு உருவாயின, அவற்றால் யாருக்கு என்ன கிடைத்தது, யார் எதை இழந்தார் என்பதை அது ஆராய்கிறது. அந்தப் பெயரில் முழுமையான இளங்கலைப் பட்டம் வழங்கும் கல்லூரிகள் இந்தியாவில் அரிது. அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகம் 1970-ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிப் பாடத்திட்டத்தைத் தொடங்கிவிட்டது. இந்தியாவிலோ இத்துறை பெரும்பாலும் ஆய்வு மையங்களாகவும் முதுகலைப் படிப்பாகவுமே வளர்ந்தது.

ஓர் அறிக்கையின் அதிர்ச்சி

மகரிஷி தோண்டோ கேசவ் கார்வே 5 மாணவிகளுடன் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு, சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 1920-இல் ரூ.15 லட்சம் நன்கொடை அறிவித்தார். அவருடைய தாயார் நாதிபாயின் பெயரால் அது எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம் எனப்படுகிறது. பெண்கள் கல்வி கற்றால் அவர்களது நிலை தானே உயர்ந்துவிடும் என்பது அக்காலச் சீர்திருத்தவாதிகள் பலரின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தது மத்திய அரசே அமைத்த ஒரு குழு. பூல்ரேணு குஹா தலைமையில், வீணா மஜும்தார் உறுப்பினர் செயலராகப் பணியாற்றிய அக்குழு 1974-இல் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கையை அளித்தது. 1901-இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில், 1971-இல் அந்த எண்ணிக்கை 930 ஆகச் சரிந்திருந்தது. விடுதலை பெற்று, அரசியல் சட்டம் இயற்றி, பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகிய காலத்திலும் சரிவு நிற்கவில்லை. இதற்கு விடை தேடும் கருவி அப்போதிருந்த பாடத்துறைகள் எதனிடமும் இல்லை.

அதே ஆண்டில் சமூகவியலாளர் நீரா தேசாய் எஸ்.என்.டி.டி.யில் மகளிரியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். முதலாவது தேசிய மகளிரியல் மாநாடு 1981-இல் அங்குதான் நடைபெற்றது. அடுத்த ஆண்டே இந்திய மகளிரியல் சங்கம் உருவானது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னர், பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியுதவியுடன் பல்வேறு மாநிலங்களில் மகளிரியல் மையங்கள் அமைந்தன. இத்துறை இந்தியாவில் வேரூன்றிய இடம் மும்பை என்று சொல்வது மிகையாகாது.

வகுப்பறையில் என்ன கற்பிக்கப்படுகிறது?

தாராவியின் தமிழ்க் குடும்பங்கள் பல இட்லி வியாபாரத்தை நம்பி வாழ்கின்றன. விடியும் முன் மாவை ஊற்றி அவித்து, சட்னி அரைத்து, பாத்திரங்களில் அடுக்கி அனுப்பினால் அவை நகரெங்கும் விற்பனையாகின்றன. விற்றவர் வியாபாரி எனக் கணக்கில் இடம்பெறுகிறார். அரைத்தும் அவித்தும் கொடுத்த பெண்ணிடம் என்ன வேலை என்று கேட்டால், ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்ற பதிலே வரக்கூடும். அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது, அதனால் அவருக்குக் கூலியும் கடன் வசதியும் சமூகப் பாதுகாப்பும் எவ்வாறு கைநழுவுகின்றன என்று கேட்பது மகளிரியல்.

அரசின் புள்ளிவிவரங்களே இக்கேள்விக்கு வலுச் சேர்க்கின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். அப்பணிகளில் ஈடுபடும் ஆண்களுக்கு இது 88 நிமிடங்கள். 2019-ஆம் ஆண்டு ஆய்வில் இவை முறையே 299, 97 நிமிடங்களாக இருந்தன. பெண்களின் சுமை 5 ஆண்டுகளில் 10 நிமிடங்கள் குறைந்ததை முன்னேற்றம் என்று கொண்டால், ஆண்களின் பங்கும் 9 நிமிடங்கள் குறைந்ததை என்னவென்று கொள்வது?

மாட்டுங்கா ரயில் நிலையம் 2017-ஆம் ஆண்டு முதல் முழுக்கப் பெண் பணியாளர்களைக் கொண்டு இயங்குவதை இப்பகுதிவாசிகள் அறிவர். அது பெருமையாகப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான். அப்பணியாளர்கள் பணி முடிந்து வீடு திரும்பிய பின் அடுப்பங்கரையில் யார் நிற்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்கிறது மகளிரியல்.

சாதியை விலக்கிவிட்டு இப்பாடத்தைப் படிக்க இயலாது. அம்பேத்கர் இயக்கத்தில் பங்கேற்ற பெண்களின் வரலாற்றை ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் தொகுத்து 1989-இல் மராத்தியில் வெளியிட்ட நூல், இத்துறையின் முக்கிய வாசிப்புகளில் ஒன்று. தலித் பெண்களின் அனுபவத்தை மையத்தில் வைத்துப் பெண்ணியத்தை மறுபரிசீலனை செய்தவர் புணே பல்கலைக்கழகப் பேராசிரியர் சர்மிளா ரேகே. பாமாவின் ‘கருக்கு’ தமிழிலிருந்து சென்று நாடெங்கும் பாடமாக வைக்கப்பட்ட நூல்.

இத்துறைக்கு மும்பைத் தமிழரின் பங்களிப்பும் உண்டு. ‘அம்பை’ என்ற பெயரில் எழுதும் சி.எஸ். லட்சுமி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் இணைந்து 1988-இல் நிறுவிய ‘ஸ்பாரோ’, பெண்களின் வாழ்வை ஒலிப்பதிவுகளாகவும் படங்களாகவும் சேமிக்கும் ஆவணக் காப்பகமாகும். அம்பைக்கு 2021-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது வழங்கப்பட்டது.

சேர்வது எப்படி?

மகாராஷ்டிரத்தில் இளங்கலைப் படிப்புகள், தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, முதன்மைப் பாடம், துணைப் பாடம் என்ற அமைப்புக்கு மாறியுள்ளன. மூன்றாம் ஆண்டில் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டையும் முடித்தால் ஹானர்ஸ் பட்டம் கிடைக்கும். ஆகவே சமூகவியல், வரலாறு, அரசியல் அறிவியல், உளவியல், பொருளியல், இலக்கியம் ஆகியவற்றில் ஒன்றை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டு, மகளிரியல் அல்லது பாலினம் சார்ந்த தாள்கள் எவை உள்ளன என்று பார்த்துச் சேர்வதே நடைமுறைக்கு உகந்தது. மாட்டுங்காவில் உள்ள மணிபென் எம்.பி. ஷா மகளிர் கல்லூரி எஸ்.என்.டி.டி.யுடன் இணைந்தது; தாராவியிலிருந்து எளிதில் சென்று வரலாம். எந்தக் கல்லூரியானாலும் கையேட்டின் முகப்பை நம்பாமல், பருவவாரியான தாள்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ள விருப்பப் பாடம் அந்த ஆண்டு உண்மையில் நடத்தப்படுமா என்பதையும் கேட்டுக்கொள்வது அவசியம்.

முதுகலைக்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தேவ்னாரில், செம்பூருக்கு அடுத்த ரயில் நிலையமான கோவண்டிக்கு அருகில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகம் மகளிரியலில் எம்.ஏ. பட்டம் வழங்குகிறது. எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவரும் விண்ணப்பிக்கலாம், ஆண்களுக்கும் இடமுண்டு. பயிற்றுமொழி ஆங்கிலம். மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்ற மாணவிகளுக்கு உண்மையான தடை பெரும்பாலும் இங்குதான் எழும். இளங்கலை ஆண்டுகளிலேயே ஆங்கிலக் கட்டுரைகளை வாசிக்கப் பழகிக்கொள்வது பின்னர் கைகொடுக்கும்.

வேலை கிடைக்குமா என்பது பெற்றோரின் முதல் கேள்வி. அதற்கு ஒரு விடை இந்நகரிலேயே உள்ளது. டாடா கழகமும் மும்பை காவல்துறையும் இணைந்து, மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவை 1984-இல் காவல் ஆணையர் அலுவலகத்தில் தொடங்கின. வன்முறைக்கு ஆளான பெண்கள் புகாருடன் வரும்போது பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கம். இந்த முறை பின்னர் மகாராஷ்டிரம் முழுவதும் பரவியது. சயான் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999-இல் நிறுவிய ‘ஸ்நேஹா’ அமைப்பு, தாராவியில் குடும்ப வன்முறைக்கு எதிரான பணிகளை நடத்தி வருகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழுவும் அதில் வெளி உறுப்பினர் ஒருவரும் கட்டாயம். தொண்டு நிறுவனங்கள், ஆய்வு, இதழியல் ஆகியவை பிற வழிகள். கல்லூரி ஆசிரியராக விரும்புவோருக்கு தேசியத் தகுதித் தேர்வில் மகளிரியல் தனிப் பாடமாகவே உள்ளது.

இவை பெரும் ஊதியம் தரும் பணிகள் அல்ல. நிதி நிலையும் உறுதியானதன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதி தொடருமா என்ற ஐயம் 2017-இல் மகளிரியல் மையங்களில் எழுந்தது. 2024 ஜூன் மாத இறுதியில் டாடா சமூக அறிவியல் கழகத்தின் பல்வேறு வளாகங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒப்பந்தப் பணியாளர்களுக்குப் பணி நீட்டிப்பு இல்லை என்ற அறிவிப்பு அனுப்பப்பட்டு, ஓரிரு நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. எனவே ஒவ்வோர் ஆண்டும் படிப்பின் நிலை, இடங்கள், நுழைவுத் தேர்வு முறை ஆகியவற்றை அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் சரிபார்த்த பின்னரே கட்டணம் செலுத்த வேண்டும்.