தயார் என்றது கடிதம்

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரல் 20 முதல் 22 வரையான வார இறுதியில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய கணினித் தளத்துக்கு மாற்றியது. கணக்குகள் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தன. கதவைத் திறந்ததும் தளம்தான் படுத்துவிட்டது. ஆன்லைனில் நுழைய முடியாமல் தவித்தவர்கள் பல லட்சம். நுழைந்த சிலருக்கோ அடுத்தவர் கணக்கு தெரிந்தது. நிலைமை சீராக டிசம்பர் ஆனது.

லாயிட்ஸ் வங்கியிலிருந்து பிரிந்த டிஎஸ்பியை ஸ்பெயினின் சபடெல் வங்கி 2015-ல் வாங்கியது. அதன் பிறகும் டிஎஸ்பி லாயிட்ஸின் கணினிகளில்தான் கட்டணம் கட்டி ஓடியது. புதுத் தளத்தை அமைக்கும் பொறுப்பு சபடெலின் தொழில்நுட்பப் பிரிவான சபிஸுக்கு. அதன் கீழே எண்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள்.

2017 நவம்பர் என்ற முதல் கெடு தவறியது. ஏன் தவறியது என்று இயக்குநர் குழு துருவவில்லை. முகூர்த்தம் குறித்துவிட்டு மாப்பிள்ளை தேடுவதுபோல, புதுக் கெடுவை வைத்துக்கொண்டு வேலைகளை அதற்குள் திணித்தார்கள். ஒன்று முடிந்தபின் தொடங்கவேண்டிய சோதனைகள் ஒரே நேரத்தில் நடந்தன. ஸ்லாட்டர் அண்ட் மே சட்ட நிறுவனம் 2019-ல் தந்த அறிக்கையில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது.

எனக்கு அதில் உறைத்தது இது: இரண்டு தரவு மையங்கள் சேர்ந்தே இயங்கவேண்டும் என்பது வடிவமைப்பு. கூட்டம் வந்தால் தாங்குமா என்ற சோதனையோ ஒரு மையத்தில் மட்டும் நடந்தது. இரண்டும் ஒரே மாதிரி அமைக்கப்படவில்லை என்பது திறந்த பிறகே வெளிப்பட்டது. பாகங்களைத் தனித்தனியே சோதிக்க ஆள் இருந்தது. சேர்ந்து ஓடுகிறதா என்று பார்த்து, ‘இன்னும் இல்லை’ என்று சொல்லும் அதிகாரம்தான் யாரிடமும் உருப்படியாக இல்லை.

அந்த இடத்தை நிரப்பியவை கடிதங்கள். தயார் என்று சபிஸ் எழுதிக் கொடுத்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய துணை நிறுவனங்களின் கடிதங்களில் பல, ‘தயாராகிவிடும்’ என்ற எதிர்பார்ப்பைத்தான் சொல்லின. ஆகிவிடும் என்பது ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆகிவிட்டது என்று மாறுவது பெரிய அலுவலகங்களில் வாடிக்கை.

2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் வங்கிக்கு 4.865 கோடி பவுண்ட் அபராதம் விதித்தன. அடுத்த ஆண்டு, மாற்றம் நடந்தபோது வங்கியின் தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த கார்லோஸ் அபார்காவுக்கும் 81,620 பவுண்ட். சபிஸ் உண்மையில் தயாரா என்று அவர் சரிவரப் பார்க்கவில்லை என்பதே புகார்.