தோட்டத்துக் கடையும் பற்றுப் புத்தகமும்

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பட்டணத்திற்குத் தொலைவிலிருந்த தோட்டங்களில் மளிகைக் கடை இன்றியமையாததாயிற்று. முன்புறம் வியாபாரம், பின்புறம் குடித்தனம் எனக் கடைக்காரர் குடும்பத்தோடு அங்கேயே வாழ்வதுண்டு. அரிசி, பருப்பு, கருவாடு முதலியவற்றைப் பற்றெழுதி வாங்கிய தொழிலாளர், சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பர்.

கைமுடையில் உதவிய அப்பற்றே, எழுத்தறியாதாரைத் தீராக் கடனிலும் ஆழ்த்தக் கூடியதாயிருந்தது.

சம்பளத்தை எங்கே, எவ்வாறு, யாரிடம் செலவிடுவதென முதலாளி விதிக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. எந்தக் கடையில் வாங்குவது என்பது தொழிலாளியின் உரிமை. ஆயினும், வாங்கிய கடனுக்குச் சட்டம் கணக்குப் பார்க்காது. பற்றுப் புத்தகத்தை மாதந்தோறும் நாமே படித்துச் சரிபார்ப்போமாக. நம் பிள்ளைகளுக்கும் அதனைப் பழக்குவோமாக.