பழங்கடனும் காலவரையறையும்

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தல் நன்மக்கள் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும், தந்தை காலத்து நோட்டு ஒன்றைக் கையிற்கொண்டு பல்லாண்டு கழித்து வாசலில் வந்து நிற்போர் கேட்பதெல்லாம் உடனே கொடுக்கத்தக்கதோ என்பது வேறொரு வினா. மாணாக்கருட் பலர் உழவர் குடியினராதலின், இதனைச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

திருவண்ணாமலையைச் சூழ்ந்த ஊர்களில் நெல்லும் மணிலாக்கொட்டையும் பெரும்பயிர்கள். விதைக்கும் எருவுக்கும் கடன் வாங்கி அறுவடையில் அடைப்பது வழக்கம். மழை பொய்த்த ஆண்டில் கடன் நிற்கும், வட்டி வளரும், நோட்டு பெட்டியில் உறங்கும். கொடுத்தவரும் வாங்கினவரும் மறைந்தபின் அது விழித்துக்கொள்ளும்.

கேட்டவுடன் கொடுப்பதாக எழுதிய நோட்டின்மேல் வழக்கிட, 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் நோட்டின் தேதியிலிருந்து 3 ஆண்டுகளே அளிக்கின்றது. அதன்பின் தொடுத்த வழக்கை, பிரதிவாதி வாய்திறவாவிடினும் நியாயாதிபதி தள்ளவேண்டும் என்பது அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு. நிலத்தை ஈடுவைத்த கடனுக்கும், டிக்ரியான தொகைக்கும் 12 ஆண்டுகள் உண்டு; ஆதலின் கடனின் வகையை முதலில் அறிதல் வேண்டும்.

இவ்வரையறைக்குக் காரணம் யாது? சாட்சிகள் இறப்பர்; ரசீதுகளைச் செல்லரிக்கும்; கொடுத்துத் தீர்த்தவனும் அதனை மெய்ப்பிக்க வகையற்றவனாவான். பழங்கடனுக்கு எல்லை வகுத்தல் நம் நாட்டுக்குப் புதிதுமன்று. 1938-இல் இராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களில், முதலைப்போல் இருமடங்கு செலுத்தியவனுக்குக் கடன் முற்றும் தீர்ந்ததெனக் கொண்டது.

இனி, கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. 3 ஆண்டு முடியுமுன், கடனாளி கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டாலும், சிறுதொகை கொடுத்து நோட்டின் பின்புறம் தம் கையால் வரவெழுதினாலும், அன்றுமுதல் புதிதாக 3 ஆண்டு பிறக்கும். காலம் கடந்தபின் கொடுத்த சிறுதொகை மட்டும் அதனை உயிர்ப்பிக்காது. ஆனால், "கொடுப்பேன்" என எழுதிக் கையெழுத்திட்டால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி அது புதிய ஒப்பந்தமாகிவிடும். ஆகவேதான் தண்டவருவோர் சிலர் பணத்தினும் கையெழுத்தையே பெரிதும் நாடுகின்றனர்.

ஆதலின் செய்யத்தக்கவை இவை: மூலப்பத்திரத்தைக் காட்டக் கேட்க, தேதியையும் வரவுகளையும் நோக்குக, ஆராயாமுன் எதிலும் கையெழுத்திடற்க. பெரியபுராணத்தில், பாட்டன் எழுதிய அடிமையோலை என்று முதியவர் ஒருவர் வழக்குரைத்தபோது, திருவெண்ணெய்நல்லூர் அவையோர் மூலவோலையை வாங்கி, அப்பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். அம்முறை இன்றும் ஏற்றதே. மேலும், வாரிசு தாம் பெற்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பாளி. கோர்ட்டுச் சம்மன் வருமாயின், கடன் காலங்கடந்ததாயிற்றே என்று வாளாவிராது, சென்று விடையளித்தல் வேண்டும்; இல்லையேல் ஒருதலைத் தீர்ப்பு நேரக்கூடும். அச்சுறுத்தித் தண்டுவாராயின் போலீசாரிடம் முறையிடலாம். 2025-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை இயற்றிய சட்டம், கடன் கொடுக்கும் நிறுவனத்தார் கடனாளியையோ அவர் குடும்பத்தாரையோ துன்புறுத்தி வசூலித்தலைக் குற்றமாக்கியது.

சட்டம் வழக்கின் வாயிலை அடைக்கின்றதேயன்றிக் கடனை அழிப்பதில்லை. கடன் மெய்யென்று அறிந்து, கொடுக்கும் ஆற்றலும் உடையவர் காலம் கடந்தும் கொடுப்பது பெருமையே. அக்கொடை மனச்சான்றினின்று எழுவதாகுக; அச்சத்தினின்று எழுவதாகாதிருக்க. கொடுக்கும்போது ரசீதைப் பெற்று, நோட்டையும் திரும்ப வாங்கிக்கொள்ளுதல் மறவற்க.