கிணற்றடிப் புல்லுக்கு எது குளிர்காலம், தெரியுமா?

எலுமிச்சை மணம் எலுமிச்சம்பழத்தில்தான் அதிகம் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! அந்த மணம் சிட்ரால் என்ற பொருளுடையது. எலுமிச்சைத் தோல் எண்ணெயில் அது நூற்றுக்குச் சில பங்குதான். கிணற்றடியில் பற்றையாய் நிற்கிறதே எலுமிச்சம்புல், அதன் எண்ணெயில் 65 முதல் 85 பங்கு வரை! சந்தையில் சேரை என்று கேட்டு வாங்குவதும் இதைத்தான். தேனீ தன் கூட்டத்தை அழைக்க விடும் மணத்திலும் சிட்ரால் உண்டு என்பது தெரியுமா? அதனால்தான் தேனீ வளர்ப்போர் வெறும் பெட்டிக்குள் இந்த எண்ணெயை ஒரு துளி தடவி, புதுக்கூட்டம் வந்து குடியேறக் காத்திருக்கிறார்கள்.

இந்தப் புல் பூத்து யாராவது கண்டிருக்கிறீர்களா? மிக அபூர்வம்! தூரைப் பிரித்து நட்டால்தான் அடுத்த செடி. அப்படியென்றால், உங்கள் வளவில் நிற்பது பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் தந்த முளை. அவவுக்கு அது வேறொரு வளவிலிருந்து வந்தது. ஊரெல்லாம் கைமாறி வந்த ஒரே உயிர்! எனக்கு இதில் தீராத வியப்பு.

குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் இதன் வளர்ச்சி நின்றுவிடும், விறைபனி விழுந்தால் செத்துவிடும். யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை விடியலில்கூட அவ்வளவு குளிர் ஏது? இங்கே இதன் எதிரி மாரி! ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. செம்பாட்டு மண்ணென்றால் பயமில்லை, தண்ணீர் வடிந்து சுண்ணக்கல்லுக்குள் இறங்கிவிடும். தாழ்ந்த வளவில்தான் ஆபத்து. கோடை முழுக்கக் குளித்த தண்ணீரால் பற்றையை வளர்த்த அதே கிணற்றடிப் பள்ளம், மாரியில் குளமாகி அதன் அடியை அழுக வைக்கும். ஒரு தண்டைப் பிடுங்கி உரித்துப் பாருங்கள். நல்லதென்றால் வெள்ளையாய் இறுகி, உள்மடிப்பில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும். அழுகியது விரலிலேயே குழையும். ஆகவே புரட்டாசியிலேயே தூரைக் கிளப்பிப் பிரித்து, மண் அணைத்த மேட்டில் நட்டுவிடுங்கள். இலையைக் கீழ்நோக்கி உருவ வேண்டாம், அதன் விளிம்பு விரலை அறுக்கும்!

இன்னும் கேளுங்கள். அதே ஒக்டோபரில் ரொறன்ரோவில் இருக்கும் நம்மவர்களும் இதே புல்லைக் காப்பாற்ற ஓடுகிறார்கள்! அங்கே முதல் விறைபனிக்கு முந்திக்கொள்ள வேண்டும். இலையை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, நாலைந்து தண்டை வேரோடு கிளப்பிச் சாடியில் வைத்து, வெயில் விழும் யன்னலடிக்குக் கொண்டுபோகிறார்கள். குளிர் முடியும்வரை மண் காயும்போது மட்டும் கொஞ்சம் தண்ணீர். அதிகம் ஊற்றினால் அங்கேயும் அழுகல்தான்! தண்டு காய்ந்து வைக்கோல்போல் கிடந்தாலும் எறிந்துவிடாதீர்கள், நடுவில் பச்சை ஒளிந்திருக்கும்.

மே கடைசியில் அந்தச் சாடி மெல்ல வெளியே வரும். அப்போது இங்கே சோளகம் வீசி மண் வெடிக்கும். மேட்டில் நிற்கும் பற்றைக்கு நாம் வாளியோடு கிணற்றடிக்கும் மேட்டுக்குமாய் நடந்துகொண்டிருப்போம்.