அணிக்கோவையும் தண்ணீர்த் தொட்டியும்

போன மாதம் என் மகள் கணக்குத் தேர்வுத் தாளுடன் வந்து நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு. கேள்வி இதுதான்: 3×3 அணி ஒன்றின் அணிக்கோவை 5. அந்த அணியை 2 ஆல் பெருக்கினால் கிடைக்கும் அணியின் அணிக்கோவை என்ன? அவள் எழுதியது 10. சரியான விடை 40.

"ஏன்பா 40?" என்றாள். நான் தஞ்சை மாவட்டத்தில் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன். தில்லிக்கு வந்தபின், அவள் 'ரோ', 'காலம்' என்று ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிய நாள் முதல் அவளுடைய கணக்குப் புத்தகத்தை நான் தொட்டதில்லை. அன்றுதான் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நமக்குத் தெரிந்த நிரையும் நிரலும்தான்! கிடையாக இருப்பது நிரை, மேலிருந்து கீழாக இருப்பது நிரல்.

முதலில் காய்கறிக் கணக்கில் தொடங்கினேன். முதல் நாள் 2 கிலோ தக்காளி, 3 கிலோ வெங்காயம், 190 ரூபாய். மறுநாள் 4 கிலோ தக்காளி, 6 கிலோ வெங்காயம், 380 ரூபாய். ஒரு கிலோ என்ன விலை? சொல்ல முடியாது. இரண்டாம் சீட்டு முதல் சீட்டின் இரட்டிப்புதான்; புதிய செய்தி எதுவும் இல்லை. அணிக்கோவையைப் பாருங்கள்: 2×6 – 3×4 = 0. மறுநாள் 4 கிலோ தக்காளியும் 5 கிலோ வெங்காயமும் 350 ரூபாய்க்கு வாங்கியிருந்தால்? 2×5 – 3×4 = –2. பூஜ்யம் இல்லை, எனவே விடை உண்டு. தக்காளி 50, வெங்காயம் 30.

சமன்பாடுகளைத் தீர்க்கப் பிறந்ததுதான் அணிக்கோவை. ஜப்பானில் செகி தகாகசு 1683-லும், ஜெர்மனியில் லைப்னிட்ஸ் 1693-லும் தனித்தனியே இதைக் கண்டார்கள். 'மேட்ரிக்ஸ்' என்ற பெயரைச் சில்வெஸ்டர் சூட்டியதோ 1850-ல்தான்!

சரி, 40 எப்படி வந்தது? 2×2 அணிக்கோவை ஒரு பரப்பளவு. 3 அடிக்கு 2 அடிப் பாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், பரப்பு 6. நீளத்தை மட்டும் இரட்டித்தால் 12. அதாவது ஒரு நிரையை 2 ஆல் பெருக்கினால் அணிக்கோவையும் இரண்டு மடங்கு. அகலத்தையும் இரட்டித்தால் 24, நான்கு மடங்கு. 3×3 அணிக்கோவை கன அளவு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் இரட்டித்தால் தண்ணீர் எட்டு மடங்கு பிடிக்கும். 5×8 = 40.

மற்ற பண்புகளும் இப்படியே. ஒரு நிரையின் மடங்கை இன்னொரு நிரையோடு கூட்டினால் அணிக்கோவை மாறாது. நோட்டுப் புத்தக அடுக்கைப் பக்கவாட்டில் சாய்த்துத் தள்ளுங்கள். வடிவம் சாயும், கன அளவு அப்படியே இருக்கும். இரண்டு நிரைகள் ஒன்றாக இருந்தால் தொட்டி தட்டையாகிவிடும், விடை 0. இரண்டு நிரைகளை இடம் மாற்றினால் அளவு மாறாது, குறி மட்டும் மாறும்.

2022-23-ல் பாடச்சுமையைக் குறைத்தபோது என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து இந்தப் பண்புகள் பற்றிய பகுதி நீக்கப்பட்டது. எனவே பல பிள்ளைகள் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். காரணத்தை வீட்டில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழில் படித்த பெற்றோரே, பாஷை புரியவில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். பாயும் தொட்டியும் எந்த பாஷையிலும் ஒன்றுதான். என் மகள் இப்போது என்னிடம் "நிரை" என்றே சொல்கிறாள். சந்தேகம் வந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.