தேயிலை மலையில் ஒரு கீரைப் பானம்!

விடியற்காலை. மேகமலையில் மேகம் இன்னும் தரையை விட்டு எழும்பவில்லை. தேயிலைச் செடிகளின் மேல் பனி முத்து முத்தாக நிற்கிறது. லயன் வீடுகளின் அடுப்புகளிலிருந்து புகை கிளம்புகிறது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கூடையையும் படுதாவையும் எடுத்து வைக்கிறார்கள். அடுப்பில் என்ன கொதிக்கிறது? வேறென்ன, தேயிலைத் தண்ணீர்தான்!

தேயிலை விளையும் மலையில் தேநீர் குடிக்காமல் வேறு எங்கே குடிப்பது? குளிருக்கு இதம், களைப்புக்கு மருந்து, செலவும் குறைவு. ஒரு டம்ளர் சூடான தேநீர், கூட ஒரு பன் அல்லது இரண்டு இட்லி. காலைச் சாப்பாடு முடிந்தது!

மலை மேலே மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். கீழே சின்னமனூரிலும், கம்பத்திலும், ஏன், மதுரையிலும் சென்னையிலும்கூட எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். கணவனுக்கும் குழந்தைகளுக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, "எனக்கென்ன, ஒரு வாய் டீ போதும்" என்று சொல்லும் தாய்மார்கள் இல்லாத தெரு எது?

அந்த "ஒரு வாய் டீ"யைப் பற்றித்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நூற்றுக்கு 53 பேர்!

2019-21-ம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு கவலைக்குரிய செய்தியைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை! இந்தியா முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு 57 பேர்.

ரத்தசோகை வந்தவர்கள் உடனே படுக்கையில் விழுந்துவிடுவதில்லை. நடமாடுகிறார்கள், வேலை செய்கிறார்கள். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிற்பகலில் கண் இருட்டும். "உடம்பு ஏனோ அசதியாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டுவார்கள். சரிவில் கூடை சுமந்து ஏறி இறங்கும் பெண்ணுக்கு அந்த அசதி எவ்வளவு பெரிய சுமை! கர்ப்பிணிகளுக்கோ அது தாய், சேய் இருவருக்கும் ஆபத்து.

இதற்குக் காரணங்கள் பல உண்டு. முதன்மையானது உணவில் இரும்புச் சத்து போதாமை. வளர்ந்த பெண் ஒருத்திக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிலையமும் 2020-ல் நிர்ணயித்தன. ஆணுக்கு 19 போதும்.

"அதற்கென்ன, கீரை சாப்பிட்டால் போயிற்று!" என்று சொல்லிவிடலாம். ஆனால் இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

கீரைக்கு ஒரு தோழி வேண்டும்

கீரையிலும் தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பு, லேசில் ரத்தத்தில் சேராது. இறைச்சியிலுள்ள இரும்பைப்போல் அல்ல அது. உண்ட இரும்பில் சிறு பங்கையே குடல் ஏற்றுக்கொள்கிறது. மீதியெல்லாம் வீணாக வெளியேறிவிடுகிறது.

அந்த இரும்புக்குக் கைகொடுக்கும் தோழி ஒருத்தி உண்டு. அவள்தான் வைட்டமின் "சி". கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றில் அவள் குடியிருக்கிறாள். கீரை உண்ணும் அதே வேளையில் இவற்றில் ஒன்றும் வயிற்றுக்குள் போனால், உடல் ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு இரும்பு மாறுகிறது. முன்னும் பின்னும் போனால் பயனில்லை. கூடவே போக வேண்டும்.

தோழி இருப்பதுபோல் தடைக்காரனும் உண்டு. யார் தெரியுமா? நம் தேநீர்தான்! அதன் துவர்ப்புச் சத்து, இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலுக்குள் போகவிடாமல் செய்துவிடுகிறது. உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால், உடலில் சேரும் இரும்பு பாதிக்கும் மேல் குறைந்துவிடுகிறது என்று சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் 1982-ல் எழுதினார்கள். காப்பியும் தடைதான், ஆனால் தேநீர் அளவுக்கு இல்லை.

ஆகவே கீரையையும் புளிப்புப் பழத்தையும் ஒரே டம்ளரில் சேர்த்து, தேநீரைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்தால்?

மேல்நாட்டார் "ஸ்மூத்தி" என்று பெயரிட்டுக் கொண்டாடும் கீரை - பழப் பானத்தின் உண்மையான பயன் இதுதான். அமெரிக்காவில் 1930-களில் மின்சார அரைக்கும் கருவிகள் கடைக்கு வந்த பிறகு, பழத்தை அரைத்துக் குடிக்கும் பழக்கம் அங்கே பரவியது. இந்த நூற்றாண்டில் அதில் கீரையும் சேர்ந்துகொண்டது. பெயர்தான் புதிது. பழத்தைப் பிசைந்து ஏலம் மணக்கப் பஞ்சாமிர்தம் செய்யும் பழனி, கம்பத்துக்கு வெகு தூரமா என்ன?

எல்லாம் இந்தப் பள்ளத்தாக்கிலேயே!

இந்தப் பானத்துக்கு வேண்டிய சாமான்களைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். மேகமலையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் போதும். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து வந்து, பச்சைப் பசேலென்று ஆக்கியிருக்கும் கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் போனால் பந்தல் பந்தலாகத் திராட்சை. கறுத்து உருண்டு பன்னீர் மணம் வீசும் இந்தத் திராட்சை ஆண்டு முழுவதும் இங்கே காய்க்கிறது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தது என்று அதன் வரலாறு கூறுகிறது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனைமலையான்பட்டியில் திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

சின்னமனூர்ப் பக்கம் வாழைத் தோட்டங்கள். போடிநாயக்கனூரிலோ ஏலக்காய் வாசனை!

முருங்கைக்கு வேறு ஊர் தேடுவானேன்? உலகமெங்கும் உழவர்கள் கேட்டு வாங்கும் "பி.கே.எம். 1" என்ற செடிமுருங்கை ரகம் 1989-ல் வெளிவந்தது, பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில்தான். "பி.கே.எம்." என்பது பெரியகுளத்தின் சுருக்கமே. போத்து நட்டு ஆண்டுக்கணக்கில் காத்திராமல், விதை போட்ட ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். காய்க்காகப் பயிரிட்டாலும் இலையும் அதில் தாராளம்.

நூறு கிராம் முருங்கைக் கீரையில் 4 முதல் 5 மில்லிகிராம் வரை இரும்பு உண்டு. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் "சி" உண்டு. ஜோடிப் பொருத்தம் எப்படி?

செய்வது எப்படி?

இரண்டு டம்ளர் பானத்துக்கு வேண்டியவை:

ஆய்ந்த முருங்கை இலை - ஒரு கைப்பிடி.
நன்றாகப் பழுத்த கொய்யா - ஒன்று.
வாழைப்பழம் - ஒன்று.
பன்னீர் திராட்சை - இரண்டு கைப்பிடி.
எலுமிச்சம்பழம் - பாதி.
ஏலக்காய் - ஒன்று. இஞ்சி - சிறு துண்டு.
தண்ணீர் - ஒரு டம்ளர்.

முதலில் திராட்சையைக் கவனியுங்கள். பந்தலில் பூசணநோய் வராமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தும், வேறு மருந்துகளும் தெளிப்பது வழக்கம். ஆகவே உப்புத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறப் போட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசியே எடுக்க வேண்டும். பிறகு கையால் பிசைந்து, வடிகட்டியில் அழுத்தி, சாற்றையும் சதையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விதையோடு மிக்ஸியில் போட்டால் ஒரே துவர்ப்பு! தேநீரில் உள்ளதைப் போன்ற துவர்ப்புச் சத்துதான் திராட்சை விதையிலும் மிகுதி. தேநீரை வாசலில் நிறுத்திவிட்டு, அதன் தம்பியைக் கொல்லைப்புறமாக உள்ளே விடலாமா?

முருங்கை இலையை ஈர்க்கு இல்லாமல் உருவிக் கழுவுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, இலையை அதில் ஒரு நிமிடம் மட்டும் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு விடுங்கள். பச்சை வாடை போய்விடும். வைட்டமின் "சி" சற்றுக் குறையுமே என்றால், அதை ஈடு செய்யக் கொய்யாவும் எலுமிச்சையும் இருக்கின்றன.

கொய்யாவை நறுக்கி, நடுவிலுள்ள விதைப் பகுதியை எடுத்துவிடுங்கள். முதலில் கீரை, இஞ்சி, ஏலக்காயைச் சிறிது தண்ணீர் விட்டு மைய அரையுங்கள். பிறகு கொய்யா, வாழைப்பழம், திராட்சைச் சாறு எல்லாவற்றையும் சேர்த்து மேலும் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். கடைசியில் எலுமிச்சையைப் பிழியுங்கள். வடிகட்ட வேண்டாம், நார்ச்சத்து வயிற்றுக்கு நல்லது.

சர்க்கரை? ஒரு சிட்டிகைகூட வேண்டாம். வாழையும் திராட்சையும் போதிய இனிப்பைத் தந்துவிடும். பாலும் வேண்டாம். பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் அந்த நேரத்தில் இரும்புக்குத் தடை செய்யும். பாலை மாலையில் குடித்துக்கொள்ளலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். கறுப்புத் திராட்சையும் பச்சைக் கீரையும் கலந்தால் நிறம் அவ்வளவு அழகாக இராது. வண்டல் கலந்த ஆற்று நீரைப் போல் இருக்கும். குழந்தைகள் முகம் சுளிக்கலாம். அவர்களுக்குத் திராட்சையை விட்டுவிட்டு இன்னொரு வாழைப்பழம் சேர்த்தால், கிளிப்பச்சை நிறத்தில் பானம் கிடைக்கும். முருங்கை பிடிக்காதவர்கள் தண்டுக்கீரையோ அரைக்கீரையோ போடலாம். அரைத்ததும் குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் நிறமும் மாறும், வைட்டமினும் குறையும்.

"இது மட்டும் போதுமா?"

பாட்டிமார் கேட்பார்கள்: "ஏம்மா, ஒரு டம்ளர் சாற்றைக் குடித்துவிட்டு மலை ஏற முடியுமா?"

நியாயமான கேள்விதான். கணக்குப் பார்த்தால், ஒரு கைப்பிடி முருங்கை இலையில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இரும்புதான் தேறும். வேண்டியதோ 29! டம்ளர் பானம் மட்டுமே ரத்தசோகையை விரட்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பின்னே எதற்கு இவ்வளவு பாடு? அந்தப் பானம், கூடவே உண்ணும் உணவுக்கும் துணை செய்கிறது என்பதற்காகத்தான். பாட்டியின் கம்பங்கூழையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் கம்பில் 6 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. கூழோ, கேழ்வரகு அடையோ, பயறோ சாப்பிட்டு, கூடவே இந்தப் பானத்தையும் குடித்தால், கொய்யாவும் எலுமிச்சையும் அந்த உணவிலுள்ள இரும்பையும் உடலில் சேர்த்து வைக்கும். அதே உணவோடு தேநீர் குடித்தால், உள்ளதும் போய்விடும். ஆக, சட்டியில் இருக்கும் உணவு ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் டம்ளர்தான் கணக்கை மாற்றுகிறது!

மிக்ஸி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. முருங்கைக் கீரையை வதக்கிக் கூழோடு சாப்பிட்டு, ஒரு கொய்யாப் பழத்தைக் கடித்துத் தின்றாலும் அதே பயன்தான். பகல் சாப்பாட்டிலும் கீரை, பருப்போடு எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

இவர்கள் கவனிக்கவும்

ரத்தசோகை என்று மருத்துவர் சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால், அதை நிறுத்தக் கூடாது. பானம் மாத்திரைக்குப் பதிலாகாது. கர்ப்பிணிகளுக்கு இது மிகவும் முக்கியம். அந்த மாத்திரையையும் தேநீரோடு விழுங்க வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் கீரைப் பானம் குடிக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் வாழையையும் திராட்சையையும் குறைத்து, கொய்யாவையும் கீரையையும் வைத்துக்கொண்டு, அளவோடு குடிப்பது நல்லது.

தேயிலைக்கு விரோதமா?

இல்லவே இல்லை! மேகமலையில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது தேயிலை. அதன் மணத்தை யார் வேண்டாம் என்பார்கள்? உணவுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டால் போதும். காலை ஏழு மணிக்குச் சாப்பாடும் பானமும். எட்டரைக்கு மேல், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறும்போது தேநீர். குளிருக்கு உடனே சூடாக ஏதாவது வேண்டுமென்றால் சுக்கு வெந்நீர் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பிள்ளைகளின் காலைப் பசியைப் பற்றி நாடு யோசித்துவிட்டது. அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும் தாயின் காலைச் சாப்பாட்டைப் பற்றி வீடுதான் யோசிக்க வேண்டும்.

நாளைக் காலையில் அரைக்கும் இரண்டு டம்ளரில், முதல் டம்ளரை அவளிடம் கொடுங்கள்.