கறுப்பு அங்கிக்குள் ஓடும் காற்று

கறுப்பு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், வெள்ளை திருப்பி அனுப்பிவிடும். பள்ளியில் படித்த பாடம் இது. சித்திரை வெயிலில் கறுப்புச் சட்டையோடு கிளம்பினால் வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வதும் இதனால்தான். பாடத்தில் தவறில்லை. ஆனால் சினாய் பாலைவனத்து பதூயின் மக்கள், நிழலே இல்லாத வெளியில், நெடுங்காலமாகக் கறுப்பு அங்கியோடு நடமாடி வந்திருக்கிறார்கள். பாலைவனத்தைப் பிறந்தது முதல் அறிந்தவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியாமலா போகும்?

இதை அளந்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள் ஷ்கோல்னிக், டெய்லர், ஃபிஞ்ச், போரூட் என்ற நான்கு ஆய்வாளர்கள். நெகேவ் பாலைவனத்தில், உச்சிவெயிலில், சூரியனைப் பார்த்தபடி ஒரு மனிதரை நிற்க வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். முதலில் கறுப்பு பதூயின் அங்கி, அடுத்து அதே போன்ற வெள்ளை அங்கி, பிறகு காக்கி நிற ராணுவச் சீருடை, கடைசியில் வெறும் அரைக்கால் சட்டை. காற்றின் வெப்பநிலை 35 முதல் 46 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது. முடிவு 1980இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

பள்ளிப் பாடம் சொன்னபடியே கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிகமாகத்தான் சுட்டது. ஆனால் உள்ளே இருந்த உடம்புக்குப் போய்ச் சேர்ந்த வெப்பம் இரண்டு அங்கியிலும் ஒன்றுதான். கறுப்பு கூடுதலாக வாங்கிய வெப்பம் தோலைத் தொடுவதற்கு முன்பே வழியில் கரைந்து போயிருந்தது.

எங்கே போனது? துணிக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் காற்றில். பதூயின் அங்கி உடம்பை ஒட்டாது. தோளில் மட்டும் தங்கி, அங்கிருந்து கணுக்கால் வரை தொளதொளவென்று தொங்கும். கீழ் விளிம்பு திறந்தே கிடக்கும், கழுத்திலும் கையிலும் இடைவெளி உண்டு. வெயிலில் துணி சூடாகும்போது அதை ஒட்டிய உட்புறக் காற்றும் சூடாகி மேலே எழும்பும். கழுத்து வழியாகவும் நெசவின் துளைகள் வழியாகவும் அது வெளியேற, கீழிருந்து புதுக்காற்று நுழையும். நடக்கும்போது கால் ஒவ்வொரு முறை எட்டி வைப்பதும் அங்கியைத் துருத்தி போல இயக்கிவிடும். வெளிப்புறத்திலோ பாலைவனக் காற்று துணியின் சூட்டை அள்ளிக்கொண்டு போகும்.

உள்ளே வருவது ஒன்றும் குளிர்காற்று இல்லை. 40 டிகிரிக் காற்று, தோலைவிடச் சூடானது. ஆனால் அது வறண்ட காற்று. வியர்வையை அந்தக் கணமே உலர்த்திவிடும், அப்படி உலரும் ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப் போகும். சுற்றியுள்ள காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும் இடத்தில் உடம்பு குளிர வியர்வையைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த வியர்வைக்கான தண்ணீரை ஏதோ ஒரு கிணற்றிலிருந்து சுமந்துதான் வர வேண்டும். அதனால்தான் வெயில் நேரே தோலில் விழாமல் தடுப்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. சட்டையைக் கழற்றினால் குளுகுளுவென்றிருக்கும் என்று நமக்குத் தோன்றுவது தென்னந்தோப்பு நிழலுக்குப் பொருந்தும், பாலைவனத்துக்குப் பொருந்தாது.

இந்த ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் ‘கறுப்பு அங்கிதான் குளிர்ச்சி’ என்று ஒரு படி தாண்டிவிடுகிறார்கள். அது ஆய்வில் இல்லை. சமம் என்பதுதான் முடிவு. எனக்கு அதுவே பெரிய வியப்பு. துணியைத் தொளதொளவென்று தைத்துவிட்டால் நிறத்தை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம். அதே பகுதியின் கறுப்பு ஆடுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, ரோமம் உடம்போடு ஒட்டியது. கோடையில் கறுப்பு ஆடு கூடுதல் வெப்பத்தைச் சுமக்கத்தான் செய்கிறது. தீனி குறைந்த குளிர்காலத்தில் வெயில் காய்ந்து அந்தக் கணக்கை நேர்செய்துகொள்கிறது.

வளைகுடா நகரங்களில் இன்று ஆண்கள் உடுத்துவது பெரும்பாலும் வெள்ளை. சவூதியில் தோப், அமீரகத்தில் கந்தூரா, குவைத்திலும் ஓமனிலும் திஷ்தாஷா. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், பழகியவர்கள் கழுத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார்கள். சவூதித் தோப்புக்கு விறைப்பான காலர், கையில் கஃப் பட்டன். அமீரகக் கந்தூராவுக்குக் காலரே இல்லை, கழுத்திலிருந்து நெஞ்சு வரை ஒரு நீளக் குஞ்சம். ஓமானியர் குஞ்சம் சிறியது, அதை அத்தரில் தோய்த்துக்கொள்வது வழக்கம். உள்ளே பனியன், இடுப்புக்கு அமீரகத்திலும் ஓமனிலும் வஸார். இது நம் கைலியேதான். சவூதியில் அந்த இடத்தில் சிர்வால் என்ற கால்சட்டை.

தலைக்கு முதலில் நூலில் பின்னிய சின்னத் தொப்பி. மேலே வரும் துணி வழுக்காமல் பிடித்துக்கொள்ளத்தான் அது. அதன்மேல் சதுரமான குத்ராவை முக்கோணமாக மடித்து, மடிப்பு நெற்றிப் பக்கம் வரும்படி போட்டு, இகால் என்ற கறுப்பு வளையத்தை இரட்டையாகச் சுற்றி வைத்துவிடுவார்கள். சிவப்புக் கட்டம் போட்டால் அது ஷிமாக். இளைஞர்கள் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, நெற்றி மேல் நாகப்பாம்புப் படம் போல எடுத்து நிறுத்துவதும் உண்டு. இந்த அலங்காரத்துக்கு அடியிலும் பழைய வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது: பிடரிக்கு நிழல், மணற்காற்று அடித்தால் ஒரு முனையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளலாம். ஓமானியர் இகால் வைப்பதில்லை. பூவேலை செய்த கும்மா தொப்பி, விசேஷம் என்றால் அதன்மேல் முஸர் தலைப்பாகை. நல்ல முஸர் காஷ்மீர்க் கம்பளியில் வரும்.

தோப்புத் துணியில் நல்ல சரக்கு என்று பெயரெடுத்ததில் கணிசமானது ஜப்பானின் செயற்கை இழைத் துணி. கசங்காது, வெள்ளை மங்காது. ஆனால் துணி எதுவானாலும் கடலோர ஆகஸ்டில் அங்கியின் சூத்திரம் பாதிதான் பலிக்கும். துபாய், தோஹா பக்கம் அப்போது காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும். வியர்வை உலராமல் வழியும், தோப் முதுகில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியதும் நடுவில் இருந்த காற்றும் போய்விடும். நெகேவில் அளந்த கணக்கு வறண்ட காற்றுக்கானது.

மேலே போர்த்தும் பிஷ்த், மெல்லிய ஒட்டக ரோமத் துணியில் ஜரிகைக் கரையோடு, கல்யாணத்துக்கும் அரச சபைக்கும் உரியது. 2022 டிசம்பர் 18 அன்று லுசைல் மைதானத்தில் உலகக் கோப்பையைத் தூக்கும் முன் மெஸ்ஸியின் தோளில் கத்தார் அமீர் போட்டுவிட்டது இதைத்தான். வெயிலுக்கும் இதற்கும் இப்போது சம்பந்தமில்லை, மரியாதைக்கு மட்டும்தான்.

குளிர்காலம் வந்தால் உடை இதே வடிவில் எதிர்ப்பக்கம் திரும்பும். ரியாத்தில் டிசம்பர் இரவுகளில் வெள்ளைத் தோப் உள்ளே போய், பழுப்பிலும் சாம்பல் நிறத்திலும் கனத்த கம்பளித் தோப் வெளியே வரும். ஷிமாக்கைக் கழுத்தோடு சுற்றிக் காற்று வெளியேறும் வழியை அடைத்துவிடுவார்கள். அதற்கும் மேலே, பாலைவனத்தில் கூடாரம் போடுகிறவர்கள் ஃபர்வாவை எடுத்துக்கொள்வார்கள். அது ஆட்டு ரோமத்தை உட்புறமாக வைத்துத் தைத்த கனத்த அங்கி. அந்த ரோமத்துக்குள் சிக்கிய காற்று விடியும் வரை அசைவதில்லை.